உங்கள் நோய்க் கணக்கு யாருடைய சரக்கு?

புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் புடைவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். லெப் ஒன்றில் இரத்தம் கொடுத்துச் சீனி அளவு பார்த்திருக்கிறார். பத்து நாள் கழியவில்லை, சீனி வருத்தத்துக்கான மூலிகைக் குளிசை ஒன்றின் விளம்பரம் அவருடைய போனுக்குப் பெயரோடு வந்து சேர்ந்திருக்கிறது. "நானா, என்ட சீனிக் கணக்கு இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

லெப்காரர்தான் கொடுத்தார் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. ஆகவே யாரையும் குற்றம் சாட்ட நான் வரவில்லை. ஆனால் அவருடைய கேள்வி நியாயமானது. ஒருவருடைய நோய்க் கணக்கை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த யார் அனுமதி கொடுப்பது? அதற்கு ஓர் ஒழுங்கு உண்டா? உண்டு. மருத்துவ ஆய்வாளர்கள் அந்த ஒழுங்கைப் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பி வருகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இது முழுக்க முழுக்கக் கொடுக்கல் வாங்கலும் அமானிதமும் சம்பந்தப்பட்ட விடயம்.

வட்டியில்லாத வங்கி

பிரித்தானியாவில் யூகே பயோபேங்க் என்றொரு அறநிறுவனம் இருக்கிறது. பெயரில் வங்கி இருந்தாலும் அங்கே வட்டியும் இல்லை, காசுப் பெட்டியும் இல்லை. அது சேமித்து வைத்திருப்பது மனிதர்களின் உடல்நலக் கணக்கை.

2006 முதல் 2010 வரை 40 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் ஐந்து இலட்சம் பேர் இதில் தாமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய உயரம், நிறை, இரத்த அழுத்தம் எல்லாம் அளக்கப்பட்டன. என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், புகைக்கிறீர்களா என்று கேட்டு எழுதப்பட்டது. இரத்தம், சிறுநீர், உமிழ்நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டு, மறை 80 பாகைக் குளிரில் களஞ்சியப்படுத்தப்பட்டன. அதற்குப் பிறகு அவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாலும், புற்றுநோய் வந்தாலும், இறந்துபோனாலும் அந்த விபரமும் அவர்களுடைய சம்மதத்தின்படியே இதே கணக்கில் சேர்கிறது. இதற்காக அவர்கள் கூலி எதுவும் வாங்கவில்லை.

நாம் பேரேட்டில் ஒரு வாடிக்கையாளரின் பெயரில் பக்கம் திறந்து, வருடக் கணக்காகப் பற்று வரவு எழுதுவதைப் போன்றதுதான் இது. ஒரு நாள் பற்றைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இருபது வருடப் பக்கத்தைப் பார்த்தால் யார் எப்போது நொடிந்தார், அதற்கு முன் என்ன அறிகுறி தெரிந்தது என்று சொல்லலாம். நோயும் அப்படித்தான். மாரடைப்பு வந்தவருடைய பதினைந்து வருடத்துக்கு முந்திய இரத்தம் கையில் இருந்தால், அதில் என்ன வித்தியாசம் இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடியும்.

சரக்கு கடையை விட்டுப் போகாது

2012ஆம் ஆண்டு இந்தக் களஞ்சியம் உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் 20,000க்கும் அதிகமான ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பல்கலைக்கழகத்தவரும் உண்டு, மருந்துக் கம்பனிக்காரரும் உண்டு.

ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதில்லை. ஆய்வாளர் முதலில் தன் பெயரையும் தான் சார்ந்த நிறுவனத்தையும் பதிய வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், அதனால் மக்கள் சுகாதாரத்துக்கு என்ன பயன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் அவருடைய நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கட்டணமும் உண்டு. 2021இல் வகுக்கப்பட்ட முறைப்படி, கேட்கும் தரவின் வகையைப் பொறுத்து மூன்று ஆண்டுகளுக்கு 3,000, 6,000, 9,000 பவுண் என்று மூன்று படிகள். மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளின் ஆய்வாளர்களுக்கும் கட்டணம் பெருமளவு குறைக்கப்படுகிறது.

கொடுக்கப்படும் கணக்கில் பெயரோ முகவரியோ இராது. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். அந்த இலக்கமும் ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஆகவே இரண்டு ஆய்வாளர்கள் இரகசியமாகத் தம் கணக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாலும் இவர்தான் அவர் என்று இலகுவில் கண்டுகொள்ள முடியாது. கணக்குக் கொடுத்தவர் பிற்பாடு மனம் மாறி விலகிக்கொண்டால், அவருடைய இலக்கத்தை நீக்கும்படி ஆய்வாளர்களுக்கு அறிவிக்கப்படும். ஆய்வு முடிந்ததும் கண்டுபிடித்த முடிவுகளைக் களஞ்சியத்துக்கே திருப்பிச் சேர்க்க வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அவை உதவும்.

ஆரம்பத்தில் ஆய்வாளர்கள் தரவின் பிரதியைத் தங்கள் கணினிகளுக்கு இறக்கி எடுத்துச் சென்றார்கள். இதில் இரண்டு சிக்கல் எழுந்தது. ஒன்று, சரக்கு பெருத்துவிட்டது. ஐந்து இலட்சம் பேரின் முழு மரபணு வரிசையும் சேர்ந்தபின் எந்தச் சாதாரணப் பல்கலைக்கழகக் கணினியும் அதைத் தாங்காது. மற்றது, ஆயிரம் இடத்துக்குப் பிரதி போனபின் எந்தப் பிரதி யார் கையில் இருக்கிறது என்று கட்டுப்படுத்துவது கடினம்.

ஆகவே 2021இல் ஆய்வு மேடை ஒன்றை உருவாக்கினார்கள். அமேசன் கம்பனியின் கணினிகளில், டீஎன்ஏநெக்ஸஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருளோடு அது இயங்குகிறது. ஆய்வாளர் தன் வீட்டிலிருந்தே அதற்குள் நுழைகிறார். கணக்குப் போடும் கருவிகளெல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஆர், பைத்தன் போன்ற பொதுவான கணினி மொழிகளும் உண்டு. மரபணுவைக் கோடிக்கணக்கான இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் பிளிங்க், ரெஜெனி போன்ற விசேட கருவிகளும் உண்டு. கணினி ஓடிய நேரத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கூட்டிக் கழித்த முடிவை எடுத்துச் செல்லலாம். தனிமனிதரின் கணக்கு உள்ளேதான் இருக்க வேண்டும்.

நகைக் கடையில் தங்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உரசிப் பார்க்க விடுவார்களா? உரைகல்லும் தராசும் இங்கேயே இருக்கின்றன, வந்து பாருங்கள் என்பார்கள். அதே முறைதான்.

முற்பணமும் முதல் அறுவடையும்

இந்த ஐந்து இலட்சம் பேரின் முழு மரபணுவையும் வரிசைப்படுத்த ஏறத்தாழ 200 மில்லியன் பவுண் செலவு. அதில் பாதியை வெல்கம் அறக்கட்டளையும் பிரித்தானிய அரசின் ஆய்வு நிதியமும் போட்டன. மறுபாதியை அம்ஜென், அஸ்ட்ராசெனெகா, ஜீஎஸ்கே, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் ஆகிய நான்கு மருந்துக் கம்பனிகள் போட்டன. அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது ஒன்பது மாத முன்னுரிமை மட்டும். அதன் பின் 2023 நவம்பரில் முழுச் சரக்கும் அனுமதி பெற்ற எல்லா ஆய்வாளருக்கும் திறக்கப்பட்டது. முதல் போட்டவருக்கு முதல் அறுவடை கிடைத்தது, நிலமோ பொதுவாகவே இருந்தது. நல்ல பங்கு வியாபாரத்துக்கு இதை ஓர் உதாரணமாகச் சொல்லலாம்.

நம்மவர் கணக்கு எங்கே?

இந்தக் களஞ்சியத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. ஐந்து இலட்சம் பேரில் சுமார் 95 சதவீதம் வெள்ளையர்கள். சேர்ந்தவர்கள் பொதுவாக வசதியும் ஆரோக்கியமும் சற்றுக் கூடியவர்கள். ஒரு ஊரின் பற்று வரவைப் பார்த்து இன்னொரு ஊருக்குச் சரக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

இந்தக் குறையை நிரப்பத்தான் 2015இல் கிழக்கு லண்டனில் ஜீன்ஸ் அன்ட் ஹெல்த் என்ற ஆய்வு தொடங்கியது. பங்களாதேஷ், பாகிஸ்தான் வழி வந்த பிரித்தானியர்களே இதில் சேர்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். பின்னர் பிராட்ஃபோர்ட், மான்செஸ்டர் நகரங்களுக்கும் அது பரவியது. 60,000க்கும் மேற்பட்டோர் உமிழ்நீர் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார்கள்.

அதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் போதும். குளொபிடோகிரல் என்ற குளிசை மாரடைப்பு வந்தவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கப்படுவது. நம் நாட்டிலும் பலர் பாவிக்கிறார்கள். அந்தக் குளிசை உடலுக்குள் போன பின் ஒரு நொதியத்தால் மாற்றப்பட்டால்தான் வேலை செய்யும். அந்த நொதியத்தைப் பலவீனப்படுத்தும் மரபணு மாற்றம் சிலருக்கு உண்டு. ஜீன்ஸ் அன்ட் ஹெல்த் தரவை வைத்து 2023இல் வெளியான ஆய்வு, அந்தத் தெற்காசியர்களில் 57 சதவீதமானோருக்கு அப்படிப்பட்ட மாற்றம் இருப்பதைக் காட்டியது. தாய், தந்தை இருவர் வழியாகவும் அதைப் பெற்றவர்கள் 13 சதவீதம். குளிசை எடுத்தும் இவர்களுக்கு மீண்டும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

(இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. டொக்டரிடம் கேளுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.)

கணக்குக் கொடுக்காத சமூகத்துக்கு மருந்து அளந்து கொடுக்கப்படுவதில்லை. பிறருக்கு அளந்ததைத்தான் அது வாங்கி உண்ண வேண்டியிருக்கும். அறுபதினாயிரம் பேர் நம்பிக்கையோடு கொடுத்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது.

கடை நொடித்தால் அமானிதம் யாருக்கு?

இனி மறுபக்கம். அமெரிக்காவில் 2006இல் தொடங்கப்பட்ட 23அன்ட்மீ என்ற கம்பனி, உமிழ்நீரை வாங்கிப் பரம்பரை விபரம் சொல்லும் வியாபாரம் செய்தது. இங்கே மக்கள் காசும் கொடுத்தார்கள், மரபணுவும் கொடுத்தார்கள். 2018இல் ஜீஎஸ்கே மருந்துக் கம்பனி இதில் 300 மில்லியன் டொலர் முதலிட்டது. 2023இல் திருடர்கள் உள்ளே புகுந்து சுமார் 69 இலட்சம் வாடிக்கையாளரின் விபரங்களை எடுத்தார்கள். 2025 மார்ச்சில் கம்பனி வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. கடன் தீர்க்க அதனிடம் இருந்த பெறுமதியான சொத்து என்ன? ஒன்றரைக் கோடி பேரின் மரபணுக் கணக்கு! அது ஏலத்துக்கு வந்தது. கடைசியில் அந்தக் கம்பனியை ஆரம்பித்தவர்களுள் ஒருவரின் தலைமையிலான ஆய்வு நிறுவனம் 305 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

வாங்கியவர் பழைய வாக்குறுதிகளைக் காப்பாற்றுவதாகச் சொன்னார். நல்லது. ஆனால் வேறொருவர் வாங்கியிருந்தால்? அமானிதமாக வைத்த பொருளைக் கடைக்காரர் தன் கடனுக்கு ஈடாகக் காட்ட முடியாது என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அங்கே பொருள் கொடுத்தவர்கள் அது அமானிதம் என்று நினைத்தார்கள். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்து அதைச் சொத்து என்று வைத்திருந்தது.

பேரேட்டைக் காட்டாத கணக்கு

இன்னொரு சம்பவம் கொரோனா காலத்தில் நடந்தது. 2020 மே 22ஆம் திகதி லான்செட் என்ற பிரபல மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. ஆறு கண்டங்களில் 671 வைத்தியசாலைகளின் 96,032 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து, ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்தால் மரணம் கூடுகிறது என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையை இடைநிறுத்தியது.

தரவு தந்தது சேர்ஜிஸ்பியர் என்ற சிறு அமெரிக்கக் கம்பனி. அவுஸ்திரேலியாவில் அப்போது பதிவான மொத்த மரணத்தைவிட அந்த ஆய்வில் காட்டிய மரணம் அதிகமாக இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். சுயாதீனக் கணக்காய்வாளர்கள் மூலத் தரவைக் கேட்டார்கள். வாடிக்கையாளர் இரகசியம் என்று கம்பனி மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி ஆய்வு வாபஸ் பெறப்பட்டது. அதற்கு முதல் நாளே உலக சுகாதார நிறுவனம் பரிசோதனையை மீண்டும் தொடங்கிவிட்டது. அந்த மருந்து கொரோனாவைக் குணப்படுத்தாது என்பது பின்னர் முறையான பரிசோதனைகளில் தெளிவானது. அது வேறு விடயம். பேரேட்டைக் காட்ட மறுப்பவரின் இலாபக் கணக்கை நம்பியது தவறு என்பதே இங்கு பாடம்.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படியும் சாட்சி வைத்துக்கொள்ளும்படியும் அல்குர்ஆனில் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுவது மட்டும் போதாது, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லும்படியும் இருக்க வேண்டும்.

நம் கடைகளுக்கு என்ன?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடல்நல விபரத்தை அது விசேட வகைத் தரவாகக் கொள்கிறது. பார்மசி, லெப், மூக்குக் கண்ணாடிக் கடை, சிறு டிஸ்பென்சரி நடத்தும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரின் மருந்துச் சீட்டை மேசையில் பரப்பி வைக்காதீர்கள். போன் இலக்கமும் நோயும் எழுதிய புத்தகத்தைப் பூட்டி வையுங்கள். பட்டியல் கேட்டு வரும் விளம்பரக்காரருக்கு எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். அது உங்கள் சரக்கு அல்ல.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை ஒரு பல்கலைக்கழகம் நல்லதோர் ஆய்வுக்காக உங்கள் இரத்தத்தைக் கேட்டால் பயந்து ஒதுங்காதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். யார் பார்ப்பார்கள்? என் பெயர் நீக்கப்படுமா? நான் விலக முடியுமா? உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் என் கணக்கு யாரிடம் போகும்? நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் நல்ல நிய்யத்தோடு கொடுங்கள். உங்கள் பிள்ளைகளின் மருந்து அதிலிருந்து வரலாம்.

புடைவைக் கடை நண்பரிடம் அந்த லெப்புக்கே திரும்பப் போய், தான் அன்று கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கும்படி சொன்னேன். "படிவமா? நான் வாசிக்காமலே சைன் வெச்சிட்டேன் நானா" என்றார். ஒரு ரோல் துணி வாங்குவதற்கு மூன்று தரம் முழம் போட்டுப் பார்க்கும் மனிதர் அவர்.