உங்களுக்குத் தெரியுமா? கண் மையும் முயலின் கண்ணும்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்போர் நிறத்தைக் கண்டே பக்குவம் அறிவதுபோல, கண் மை முதலிய அலங்காரப் பொருள்கள் கண்ணை உறுத்துமா எனப் பரீட்சிக்கும் விஞ்ஞானிகளும், செயற்கையாக வளர்த்த மனிதக் கருவிழித் திசுவின் மீது அவற்றை இட்டுக் கழுவியபின், உயிரோடு எஞ்சிய உயிரணுக்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும் அளவைக் கொண்டே தீர்ப்பளிக்கின்றனர். முன்னரோ, 1944-இல் அமெரிக்கரான ஜான் டிரெய்ஸ் வகுத்த முறைப்படி, முயலின் கண்ணில் பொருளை இட்டு, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் கருவிழி மங்கலுக்கும் மதிப்பெண் வழங்கி வந்தனர். பள்ளிப் பரீட்சைபோல் மதிப்பெண், பாவம், எழுதியதோ வாயில்லா ஜீவன்! அழகுசாதனப் பொருள்களைப் பிராணிகள் மீது சோதிப்பதை 2014 மே மாதத்தில் 148-சி என்னும் விதியால் விலக்கிய இந்திய அரசு, அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் அவ்வாண்டு நவம்பரிலிருந்து தடுத்துவிட்டது. மருந்துகளுக்கு இத்தடை பொருந்தாது.