ஏறிய ரத்தம் எங்கே போகிறது?

காப்பாரில் எனக்குத் தெரிந்த அம்மாக்கள் பலரின் கைப்பையில் இரும்புச் சத்து மாத்திரை இருக்கும். ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் கொடுத்தது. மாத்திரை முடிந்த சில மாதங்களில் மீண்டும் மூச்சு வாங்கும், தலை சுற்றும். மறுபடியும் மாத்திரை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் ஆகிவிடுவோம். ஆனால், ஏறிய ரத்தம் திரும்பத் திரும்பக் குறைந்தால், அது எங்கே போகிறது?

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச் சத்து குறைந்தால், மருத்துவர்கள் வயிற்றையும் குடலையும் சந்தேகிப்பார்கள். அங்கே ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். சிலருக்கு மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போகும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை.

வாய் வழியாக ஒரு ஸ்கோப், ஆசனவாய் வழியாக ஒரு ஸ்கோப். பலருக்குக் காரணம் இவற்றிலேயே தெரிந்துவிடும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால்? நம் ஊர்ச் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கிள்ளானிலிருந்து ஒருவர் கொஞ்ச தூரம் வந்து பார்க்கிறார். கோலசிலாங்கூரிலிருந்து ஒருவர் ஜெராம் வரை வந்து பார்க்கிறார். நடுவில் காப்பாரை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காப்பார்தான் சிறுகுடல். பல மீட்டர் நீளம், வளைந்து வளைந்து கிடக்கும். குடல் ரத்தக் கசிவுகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இங்கிருந்துதான் வருகின்றன.

அங்கே போய்ப் பார்க்க வந்ததுதான் கேப்சூல் எண்டோஸ்கோப்பி. இஸ்ரேலியப் பொறியாளர் கேவ்ரியல் இடான் உருவாக்கியது. அதற்கு முன் ஏவுகணைகளுக்கான கேமராத் தொழில்நுட்பத்தில் வேலை செய்தவர் அவர். இதே முயற்சியில் இருந்த பிரிட்டிஷ் மருத்துவர் பால் ஸ்வைன், 1999-இல் தானே ஒரு கேப்சூலை விழுங்கிச் சோதித்தார். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சுமார் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். பெரிய வைட்டமின் மாத்திரை போல இருக்கும். உள்ளே கேமரா, விளக்கு, பேட்டரி, சின்ன டிரான்ஸ்மிட்டர். வானொலியில் வேலை செய்யும் எனக்கு இதில் பிடித்ததே அந்த டிரான்ஸ்மிட்டர்தான். வயிற்றுக்குள் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்! நொடிக்கு 2 படங்கள், சுமார் 8 மணி நேரம், 50,000-க்கும் மேற்பட்ட படங்கள். நேயர் ஒருவர்தான்: இடுப்பில் கட்டிய ரிக்கார்டர். மயக்க மருந்து வேண்டாம், வலி இல்லை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. சில நாட்களுக்கு முன்பே இரும்பு மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொல்வார். கேப்சூல் மலத்தோடு தானே வெளியேறிவிடும்.

படங்களில் என்ன தெரியும்? வயதானவர்களுக்கு, மெலிந்து விரிந்த ரத்தக் குழாய்கள். முட்டி வலிக்கு என்று நாளும் போடும் வலி மாத்திரைகள் உண்டாக்கிய புண்கள். இளைஞர்களுக்கு, குரோன்ஸ் எனும் குடல் அழற்சி. சிலருக்குக் கட்டி. தாமதிக்கக் கூடாது என்பது இதனால்தான். கசிவு நின்று நாளாகிவிட்டால் இடத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

கேப்சூலுக்கும் எல்லை உண்டு. அது பார்க்கும், சதை எடுக்காது, ரத்தத்தை நிறுத்தாது. அதற்கு பலூன் பொருத்திய நீண்ட ஸ்கோப் தேவைப்படும். குடல் குறுகியிருந்தால் கேப்சூல் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அதனால் பழைய குடல் அறுவை சிகிச்சை, குரோன்ஸ், நீண்ட நாள் வலி மாத்திரைப் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேப்சூல் வெளியேறும் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. ஆனால் எல்லாரும் கேட்கலாம்: "டாக்டர், ரத்தம் ஏன் குறைகிறது? இரண்டு ஸ்கோப்பும் சரி என்றால், சிறுகுடலைப் பார்க்க வேண்டுமா?" போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கிய வலி மாத்திரையும் ஜாமுவும் உட்பட. இதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம் கொட்டினாலோ மயக்கம் வந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.