உப்புக் கழிவுநீரும் அழுகிய முட்டை வாடையும்

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் ஆலைக் கழிவுநீர்க் குளத்தின் வாடையை விளக்கத் தேவையில்லை. காற்று திரும்பினால் லயத்து வீடு வரை வரும் அழுகிய முட்டை நாற்றம் அது. கோலா கிளாவாங்கில் கடல் இல்லை. ஆனால், கடலோர நகரங்களின் உப்புக் கழிவுநீரைச் சுத்திகரிக்க முயலும் பொறியாளர்களைத் தடுமாற வைப்பதும் இதே நாற்றம்தான்.

வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்பவை நுண்ணுயிர்கள். வழக்கமான நிலையங்களில் அவற்றுக்கு இரவு பகலாகக் காற்று ஊதுகிறார்கள். நிலையத்தின் மின்சாரச் செலவில் ஏறக்குறைய பாதி இதற்கே போய்விடும். காற்றே வேண்டாத நுண்ணுயிர்களும் உண்டு. செம்பனை ஆலைக் குளங்களில் வேலை செய்பவை இவைதான். மூடிய தொட்டியில் வைத்தால் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவைத் தரும். அதை எரித்து மின்சாரம் எடுக்கலாம். நம் நாட்டு வெப்பமும் இவற்றுக்குத் தோது. ஆனால் இவை மெதுவாகத்தான் பெருகும், ஓடும் தண்ணீரோடு அடித்துச் செல்லப்படும். அதனால் தொட்டியோடு ஒரு சவ்வு வடிகட்டியைச் சேர்க்கிறார்கள். அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். தண்ணீர் வெளியேறும், நுண்ணுயிர் உள்ளேயே தங்கும்.

இனி உப்புக்கு வருவோம். கடலோரங்களில் விரிசல் விட்ட குழாய் வழியே கடல்நீர் புகுந்துவிடும். ஹாங்காங்கில் தெரிந்தே செய்கிறார்கள். நன்னீரை மிச்சப்படுத்த 1950-களிலிருந்து அங்கே கழிப்பறைக்குக் கடல்நீர்தான். இன்று மக்களில் சுமார் 85 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

உப்பு நுண்ணுயிரின் உடலிலிருந்து நீரை உறிஞ்சும், ஊறுகாயில் எலுமிச்சை சுருங்குவது போல. சிறிது சிறிதாகக் கூட்டினால் அவை ஓரளவு பழகிக்கொள்ளும். பெரிய தொல்லை கடல்நீரில் உள்ள சல்பேட். அதைக் கொண்டே வாழும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம், மீத்தேன் தரும் கூட்டத்தின் உணவைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். ரப்பர் ஆலையிலும் இதே கதைதான். அடர்பால் பிரித்தபின் மிஞ்சும் மெலிந்த பாலைத் திரட்ட ஊற்றும் கந்தக அமிலம், குளத்தில் சல்பேட்டாகச் சேர்கிறது.

கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 2,700 மில்லிகிராம் சல்பேட் உண்டு. கழிவுநீரில் ஐந்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே 540 மில்லிகிராம். மூன்று பங்கு சல்பேட் இரண்டு பங்கு உணவை விழுங்கும். ஆக, 360 மில்லிகிராம் போய்விடும். வீட்டுக் கழிவுநீரில் இருப்பதே பெரும்பாலும் 400, 500 தான். பிறகு மீத்தேனுக்கு என்ன மிஞ்சும்?

அதனால், உப்புக் கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சை அப்படியே நம்புவதற்கில்லை. காற்று ஊதும் செலவு மிச்சமாகும், சேறு குறையும், தெளிந்த நீர் கிடைக்கும், லாபம் அவ்வளவே. அந்தச் சவ்வு உப்பைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிவரும் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்கறித் தோட்டத்துக்கு ஆகாது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் வேறு வழியில் போனார்கள். சல்பேட் தின்னும் கூட்டத்தையே வேலைக்கு அமர்த்தி, அது தரும் சல்பைடைக் கொண்டு கழிவுநீரின் நைட்ரஜனை நீக்கினார்கள்.

அந்த வாயு நம் தொழிலாளர்களுக்கும் எமன். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று ஒருவர் இறங்குவதும், அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதும் இப்படித்தான். அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான 2010-ஆம் ஆண்டு மலேசிய நடைமுறை விதியின்படி, இறங்குவதற்கு முன் கருவியால் காற்றைச் சோதிக்க வேண்டும். எழுத்து அனுமதி வேண்டும். மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும். சோதிக்கும் கருவி இல்லாத முதலாளியிடம், இறங்க முடியாது என்று சொல்லிவிடலாம்.