கீரை ஆய்ந்த பிள்ளை

சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் போராட்டம் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு யோசனை. பிள்ளையைத் தட்டுக்கு முன்னால் உட்காரவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே, முறத்துக்கு முன்னால் உட்காரவையுங்கள். கீரை ஆயட்டும், பட்டாணி உரிக்கட்டும், மாவு பிசையட்டும். இரண்டு வயதிலேயே தொடங்கிவிடலாம்.

பிள்ளைகளுக்குப் பிடித்த வேலைதான்

ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து மரத்தடியில் கூட்டாஞ்சோறு ஆக்கியவர்கள்தானே நாம்? அம்பாசமுத்திரத்து மரச்செப்பில் இல்லாத சோற்றைப் பொங்கி, அதை அம்மாவுக்கு ஊட்டியும் விடுகிற மூன்று வயதுப் பிள்ளைக்குச் சமையல் ஆசையை யாரும் சொல்லித்தர வேண்டாம். "அடுப்படிக்கு வராதே" என்று நாம்தான் விரட்டுகிறோம். ஆண்பிள்ளை என்றால் இன்னும் வேகமாக விரட்டுகிறோம். அது தவறு. பசி எல்லாருக்கும் ஒன்றுதான். அதைத் தீர்க்கும் வேலையும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முருங்கைக்கீரையில் தொடங்குங்கள்

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை பிள்ளைகள் புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது இயல்பு. ஒரு காயையோ கீரையையோ பத்துத் தடவைக்கு மேல் பார்த்து, முகர்ந்து, தொட்டு, நுனிநாக்கில் வைத்துப் பார்த்த பிறகே சில பிள்ளைகள் விழுங்கச் சம்மதிக்கும். அந்தப் பழக்கம் தட்டில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆயும்போது கையில் ஒட்டும் பச்சை வாசனையும் பழக்கம்தான்.

முருங்கைக்கீரையைக் கொத்தோடு ஒரு துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டால், காலையில் உதறியதும் இலைகள் பொலபொலவென உதிரும். இந்த உதறும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், வேறு யாருக்கும் விட்டுத்தராது. மிச்சமிருக்கும் ஈர்க்குகளைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டாம்.

முருங்கைக்கீரையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. வைட்டமின் சி கூட இருந்தால்தான் உறிஞ்சுவது கூடும். ஆகவே அடுப்பை அணைத்தபின், ஆறிய பொரியலில் எலுமிச்சை பிழியும் பொறுப்பும் பிள்ளைக்கே. விதை விழுந்தால் பொறுக்கிக்கொள்ளட்டும். உணவோடு டீ, காபி கொடுத்தால் அந்த உறிஞ்சுதல் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு நமக்கு. "நீதானே ஆய்ந்தாய், தின்னு" என்று வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் சமையலறையையும் வெறுத்துவிடும்.

வயதுக்கு ஏற்ற வேலை

இரண்டு, மூன்று வயதில் காய் கழுவலாம், கறிவேப்பிலை உருவலாம். நான்கு, ஐந்தில் பச்சைப் பட்டாணி உரிக்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். பிடிகொழுக்கட்டை இந்த வயதுக்கென்றே பிறந்த பலகாரம்: ஐந்து விரலும் பதிய அழுத்தினால் போதும், கோணலாக இருந்தாலும் அழகுதான். வெல்லமாவை ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறு, ஏழு வயதில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்கலாம். எந்த வயதானாலும் முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். பச்சை மிளகாயை மட்டும் தொடவிடாதீர்கள். அந்தக் கை நேரே கண்ணுக்குத்தான் போகும்.

நேரம் கூடத்தான் ஆகும், தரையெல்லாம் மாவாகும். பள்ளிக்கூட நாளின் காலை அவசரத்துக்கு இது ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் ஒதுக்கினாலே நிறைய நடக்கும்.

அடுப்புக்கு முன்னால் ஒரு கோடு

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்படும் தீக்காயங்களில் பெரும்பாலானவை நெருப்பால் வருவதில்லை. கொதிக்கும் ரசம், வடித்த கஞ்சி, டீ போன்றவை மேலே கொட்டுவதால் வருபவை. அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள். வாணலிக் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். குக்கர், மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை நான்கும் பெரியவர்களுக்கு மட்டுமே.

சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இட்லி மாவு, பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகம், கை, மூட்டுகளில் பட்டிருந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். இவற்றோடு வேலை செய்யும் பிள்ளை உட்கார்ந்தே இருக்கட்டும், நாமும் பக்கத்திலேயே இருப்போம்.

பச்சரிசியை அள்ளித் தின்கிறதா?

பிள்ளையோடு சமைக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். சில பிள்ளைகள் அரிசி களையும்போது பச்சரிசியைப் பிடிப்பிடியாக வாயில் போட்டுக்கொள்ளும். கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று சொல்லிச் சிரித்துவிடுகிறோம். ஆனால், நிறுத்த முடியாமல் பச்சரிசி, சாக்பீஸ், மண் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அந்த நிலையில் கீரை மட்டும் போதாது. இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மருந்தும் தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.