படுக்கையோரத்து ஆராய்ச்சி

முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டுவதும், வாயைக் கழுவிச் சுத்தம் செய்வதும், சோறூட்டுவதும், படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிப் படுக்க வைப்பதும் எந்த வீட்டிலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நடந்துவருகிற காரியங்களாதலால், இவற்றில் ஆராய்ந்து அறிய வேண்டியது என்ன இருக்கிறது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். மனத்தில் அன்பும் கையில் பொறுமையும் இருந்தால் போதும் என்பது பொதுவான அபிப்பிராயம். அவ்விரண்டும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மிகுந்த அன்போடு செய்யப்பட்ட எத்தனையோ காரியங்கள் பயனற்றவையாகவும், சில சமயங்களில் தீங்கு விளைவிப்பவையாகவும் இருந்திருக்கின்றன என்பதைச் சென்ற அறுபது ஆண்டுகளில் நர்ஸுகளும் அவர்களோடு சேர்ந்து உழைத்த மருத்துவர்களும் நடத்தியிருக்கும் ஆராய்ச்சிகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

அந்த வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கில நர்ஸ். அவர் காலத்துக்குச் சற்று முன்வரையில் இங்கிலாந்தில் முதியோர் வைத்தியம் என்ற துறைக்கே மதிப்புக் கிடையாது. ஏழைகளுக்கென்று ஏற்பட்ட தர்ம விடுதிகளின் மருத்துவப் பகுதிகளில், நோய் இன்னதென்ற நிர்ணயம்கூடச் செய்யப்படாமல் வருஷக்கணக்கில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்த கிழவர்களும் கிழவிகளும் ஏராளம். லண்டன் நகரை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1935-ல் இத்தகையோரின் பொறுப்பை ஏற்ற மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர், அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். வந்த வியாதியைக் காட்டிலும் கிடந்த படுக்கையே பலரை முடமாக்கியிருந்தது என்ற உண்மை அப்போது வெளியாயிற்று. எனினும், எழுந்திருக்கவே இயலாதவர்களுக்கு ஆற்ற வேண்டிய அன்றாடப் பணிவிடை பழைய சம்பிரதாயப்படியே நடந்துவந்தது.

சம்பிரதாயம் என்றால் எத்தகையது என்பதைப் படுக்கைப்புண் விஷயத்தில் நன்றாகக் காணலாம். படுக்கைப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பணிவிடையின் குற்றமே என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். ஆகையால், தன் வார்டில் ஒரு நோயாளிக்குப் புண் வந்துவிட்டால் அதைத் தன் மானக்கேடாகவே ஒவ்வொரு நர்ஸும் கருதினார். புண் வராமல் தடுக்க ஸ்பிரிட்டைத் தேய்ப்பார்கள். சோப்பு நீரால் அழுத்தித் தேய்த்துப் பவுடர் போடுவார்கள். எண்ணெயும் களிம்பும் தடவுவார்கள். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசி அதன் மேல் பிராணவாயுவை ஊதி உலர்த்துகிற வழக்கமும் இருந்தது. இவற்றில் எது பலன் தருகிறது என்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. முந்தைய தலைமுறை நர்ஸ் செய்தாள், பிந்தையவளும் செய்தாள்.

நார்ட்டன், மக்லாரன் என்ற சகாவோடும், எக்ஸ்டன் ஸ்மித் என்ற முதியோர் வைத்திய நிபுணரோடும் சேர்ந்து இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்து, 1962-ல் அதன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவர்கள் கவனித்துவந்த 250 முதிய நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் படுக்கைப்புண் கண்டது; அவ்வாறு கண்டவர்களிலும் பத்தில் ஏழு பேருக்கு, மருத்துவமனையில் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே அது கண்டுவிட்டது. எந்தத் தைலத்தையும் களிம்பையும் விட, நேரந்தவறாமல் உடம்பைத் திருப்பிப் படுக்க வைத்து அழுத்தத்தை நீக்குவதுதான் புண்ணைத் தடுக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிபு.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், தொடை மூட்டு, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலும் மெல்லிய சதையும் நசுங்குகின்றன. அங்குள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவது தடைப்படுகிறது. நாமாக இருந்தால், தூக்கத்திலேகூட நம்மையறியாமல் புரண்டு படுத்துவிடுகிறோம். பக்கவாதத்தாலோ மயக்கத்தாலோ தளர்ச்சியாலோ புரள இயலாத முதியவருக்கு ரத்தம் கிடைக்காத அந்தத் திசுக்கள் சில மணி நேரத்திலேயே மடியத் தொடங்குகின்றன. மேலே சிறு சிவப்பாகத் தெரியும்போது உள்ளே எலும்பருகில் அழிவு முற்றியிருப்பதும் உண்டு. இந்நிலையில் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது, நலிந்த திசுக்களை மேலும் கிழித்துவிடும்; ஸ்பிரிட்டோ தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைப் போக்கி அதை வறளச் செய்யும். எத்தனை நல்ல மனத்தோடு தேய்த்தாலும் விளைவு இதுதான்.

நார்ட்டன் குழுவினர் மற்றொரு சாதனத்தையும் உலகுக்கு அளித்தார்கள். நோயாளியின் சரீர நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், கை கால்களை அசைக்கும் சக்தி, மலஜலம் தன்வசமின்றிப் போதல் என்ற ஐந்து அம்சங்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டுக் கூட்டினால், மிக நல்ல நிலையில் இருப்பவருக்கு 20-ம் மிக நலிந்தவருக்கு 5-ம் வரும். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவருக்குப் புண் வரக்கூடும் என்று எச்சரிக்கை. ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். யந்திரம் ஏதும் வேண்டியதில்லை. கட்டிலருகே நின்று கண்ணால் பார்த்தே ஒரு நர்ஸ் சில நிமிஷங்களில் முடித்துவிடக்கூடிய இந்தக் கணக்கு, வந்த பின் வருந்துவதை விட்டு வருமுன் காக்கும் வழியைக் காட்டியதனாலேயே உலகெங்கும் பரவியது. பிற்காலத்தில் வந்த பிரேடன், வாட்டர்லோ முதலிய அளவைகள் எல்லாம் இதற்குப் பின்பிறந்தவையே.

இங்கே நான் பெரிதும் மதிக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது நாளடைவில் வேதவாக்கைப் போலாகிவிட்டது. ஆனால் ஆராய்ச்சி அதையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரைக் கொண்டு நான்ஸி பெர்க்ஸ்ட்ராம் என்ற நர்ஸும் அவருடைய குழுவினரும் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடர்த்தி மிகுந்த நுரை மெத்தைகளில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நல்ல மெத்தை இருக்குமாயின், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முதியவரின் உறக்கத்தைக் கலைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு, அமுங்கிக் கட்டிதட்டிப்போன பஞ்சு மெத்தையிலோ கெட்டியான தென்னைநார் மெத்தையிலோ கிடக்கும் பாட்டியை நான்கு மணி நேரம் அப்படியே விட்டுவிடலாகாது. அந்த ஆராய்ச்சியில் மெத்தையும் ஒரு மருந்தாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

நம்மவர்க்கு மிகவும் தேவையான இன்னொரு செய்தியும் உண்டு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்க வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பாடநூல்கள் கூறுகின்றன. வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாக்கியம் அது. கறுத்த, மாநிறமான தோலில் அந்தச் சிவப்புக் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். ஆகையால், நம் வீட்டுப் பெரியவரின் இடுப்பையும் குதிகாலையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் சூடாகவோ குளிர்ந்தோ, தடித்தோ கொழகொழத்தோ, தொட்டால் வலிப்பதாகவோ, சற்றுக் கருநீலமாகவோ இருந்தால் அதுவே அடையாளம். அந்தப் பக்கத்தின் மேல் அவர் இனிப் படுக்கலாகாது.

வாயைச் சுத்தம் செய்வது இதைவிடவும் அற்பமாகக் கருதப்படுவது. பல் விழுந்துபோன கிழவருக்குப் பல் விளக்குவானேன் என்று கேட்பவர்களும் உண்டு. ஜப்பானில் யோனெயாமா என்ற பல் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 11 முதியோர் இல்லங்களில் இருந்தவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் நர்ஸுகளும் பராமரிப்பாளர்களும் வாயைச் சுத்தம் செய்யுமாறு ஏற்பாடு செய்து, இரண்டு வருஷம் கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பிரிவில் நிமோனியாக் காய்ச்சல் கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். மற்றப் பிரிவில் 19 பேர். பல்லே இல்லாதவர்களுக்கும் இந்த நன்மை கிட்டியது. விழுங்கும் சக்தி தளர்ந்த முதியவரின் வாயில் பெருகும் கிருமிகள், எச்சிலோடு சேர்ந்து உறக்கத்தில் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. பின்னர் நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே அளவு பலன் காணப்படவில்லையாயினும், கழற்றாத பல்செட்டோடும் வெந்நீர் படாத நாக்கோடும் ஒருவரை உறங்கவிடுவது சரியென்று யாரும் இன்று சொல்வதில்லை.

மறதி நோயுற்ற முதியோரைக் குளிப்பாட்டும்போது அவர்கள் கத்துவதும், அடிப்பதும், கிள்ளுவதும் நோயின் சுபாவம் என்றே பலகாலம் நினைத்திருந்தார்கள். ஜோஆன் ரேடர் என்ற அமெரிக்க நர்ஸ் அதைக் குளிரின், அச்சத்தின், கூச்சத்தின் குரலாகக் கேட்டார். அவரும் பிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் சகாக்களோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடம்பை முற்றிலும் மூடியபடியே வெதுவெதுப்பான ஈரத்துண்டால் மெல்லத் துடைத்துவிட்டதிலும், அவரவர் விருப்பத்தையொட்டிக் குளிப்பாட்டியதிலும், அத்தகைய மூர்க்கச் செயல்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

இவ்வளவு தெரிந்தும் இவை ஏன் நடப்பதில்லை என்ற கேள்விக்கும் ஆராய்ச்சி விடை சொல்லியிருக்கிறது. பியட்ரிஸ் கலிஷ் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவமனை நர்ஸுகளிடம் மனம்விட்டுப் பேசி 2006-ல் எழுதிய கட்டுரையில், அன்றாடம் விட்டுப்போகும் காரியங்களாக அவர்கள் கூறியவை நோயாளியை நடக்கவைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், நேரத்துக்கு ஊட்டுதல், உடம்பைச் சுத்தம் செய்தல் முதலியனவே. ஊசி தவறினால் ஏட்டில் தெரியும். புரட்டாமல் விட்டது அன்றைக்குத் தெரியாது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரின் குறிப்புகளைக் கொண்டு லிண்டா ஐக்கனும் சகாக்களும் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாக இருக்குந்தோறும், முப்பது நாளைக்குள் மரணம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு வீதம் உயர்ந்திருக்கக் கண்டார்கள். நர்ஸுகளின் எண்ணிக்கையைச் சுருக்கிச் சிக்கனம் செய்கிற நிர்வாகம் எந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், முதல் இரண்டு வாரமே அபாயம் மிகுந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சேர்த்த அன்றே வார்டு நர்ஸிடம் பணிவோடு கேளுங்கள்: ஐயாவை எத்தனை மணிக்கொருதரம் திருப்ப வேண்டும், மெத்தை இது போதுமா, வாயை எப்போது சுத்தம் செய்கிறீர்கள், நான் கூடமாட எதைச் செய்யலாம் என்று. வீட்டில் பார்த்துக்கொள்பவராயின், ஸ்பிரிட் பாட்டிலையும் பவுடர் டப்பாவையும் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, திருப்பிய நேரத்தைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டிலருகே வையுங்கள்.