முட்டை ஓட்டுக்குள் கேக்! (ஈஸ்டர் ஸ்பெஷல்)



கேக் என்றால் பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னாடி இருப்பது, அதற்கு ஓவன் வேண்டும், கரண்ட் வேண்டும் என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். எங்க வீட்டில் ஓவன் கிடையாது. ஆனால் ஈஸ்டருக்கு எங்க வீட்டில் கேக் வேகும். அதுவும் முட்டை ஓட்டுக்குள்ளேயே வேகும். அது எப்படி என்றுதான் இந்தத் தாளில் எழுதப் போகிறேன். ஒரு தடவை அது சொதப்பிய கதையையும் எழுதுகிறேன். அதிலிருந்துதான் நான் நிறைய கத்துக்கிட்டேன்.

முதலில், ஈஸ்டர் எப்போது வரும்?

கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டருக்கு ஒரே தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். 2025-ல் ஏப்ரல் 20. 2026-ல் ஏப்ரல் 5. 2027-ல் மார்ச் 28. எங்க ஆயா காலண்டரைப் பார்க்காமலே, "பங்குனி உத்திரம் முடிஞ்சா ஈஸ்டர் வந்துடும்" என்று சொல்லும். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டுமே நிலாவைப் பார்த்து வருகிற பண்டிகைகள்தானே!

முட்டைக்கும் ஈஸ்டருக்கும் என்ன சம்பந்தம்?

ஈஸ்டருக்கு முன்னாடி 40 நாள் தவக்காலம். சாம்பல் புதனில் ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எண்ணினால் 46 நாள் வரும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டையும் சாப்பிட மாட்டார்களாம். எங்க ஆயாவும் இன்று வரைக்கும் அந்த 40 நாள் கறி, முட்டை தொடாது. ஆனால் "கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போடும்" என்று ஆயா சிரிக்கும். அப்படிச் சேர்ந்து போன முட்டைகளைத்தான் ஈஸ்டர் அன்று அவித்து, சாயம் பூசி, எல்லோருக்கும் கொடுத்தார்கள். மூடிய ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருவது போல், மூடிய கல்லறையிலிருந்து இயேசு உயிர்த்தார் என்று அதற்கு அர்த்தமும் சொன்னார்கள்.

இப்போது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பலகாரம். கிரேக்க நாட்டில் பின்னல் மாதிரி ரொட்டி செய்து நடுவில் சிவப்பு முட்டை வைப்பார்கள். இத்தாலியில் புறா வடிவ கேக். ஜெர்மனியில் ஆட்டுக்குட்டி வடிவ கேக். இங்கிலாந்தில் ஒரு கேக்கின் மேல் பாதாம் விழுதில் 11 உருண்டைகள் வைப்பார்கள். யூதாஸை விட்டுவிட்டால் மீதி சீடர்கள் 11 பேர் அல்லவா! நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் பெரிய வியாழன் அன்று அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் பெசகா அப்பம் அவிப்பார்கள். அதன் மேல் குருத்தோலையில் சிலுவை வைப்பார்கள். கல்கத்தாவில் 1902-ல் ஒரு யூதக் குடும்பம் ஆரம்பித்த நாகூம்ஸ் என்ற கடை ஈஸ்டர் முட்டைக்குப் பேர் போனது. செய்பவர் யார், சாப்பிடுபவர் யார் என்று பலகாரம் பார்ப்பதில்லை!

நம்ம ஊர் பக்கம் பெரம்பூர், அயனாவரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. பாதாம் விலை அதிகம் என்பதால் முந்திரியை அரைத்துச் சர்க்கரை சேர்த்து முட்டை வடிவத்தில் பிடிப்பது நம் நாட்டு வழக்கம்.

எங்க வீட்டு "ஓவன்"

ஒரு பழைய அலுமினியக் குண்டான். அதில் நான்கு விரல் உயரத்துக்கு மணல். சலித்து, கழுவி, வெயிலில் காய வைத்த மணல். மணல் கிடைக்காவிட்டால் கல் உப்பு போதும். சாப்பாடு செய்கிற நல்ல பாத்திரத்தை இதற்கு எடுக்காதீங்க, அடி வீணாகிவிடும். மூடி போட்டு சின்ன தீயில் 10 நிமிடம் சூடாக்க வேண்டும். மணல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். அதனால் தீ கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கேக்குக்குப் போகும் சூடு ஒரே சீராக இருக்கும்.

குக்கரில் செய்தால் முக்கியமான விஷயம்: மூடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் கிடையாது. ரப்பர் இருந்தால் கருகிவிடும். வெயிட் போட்டால் ஆபத்து.

முட்டை ஓடு எதற்கு என்றால், மணலில் ஓட்டை லேசாகப் புதைத்தால் ஆடாமல் நிற்கும். தனியாக அச்சே வேண்டாம்!

அந்த சனிக்கிழமை ராத்திரி

2025 ஜனவரியில் எங்க அம்மா வேலை பார்த்த தையல் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அம்மாவும் நின்றுவிட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னாடி எங்க தெரு அக்கா ஒருத்தர், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக 24 முட்டை கேக் கேட்டார்கள். ஒன்று 15 ரூபாய். மொத்தம் 360. அதில் 200 ரூபாய் முன்பணமாகக் கொடுத்துவிட்டார்கள். அதில்தான் மைதா, முட்டை, சர்க்கரை எல்லாம் வாங்கினோம். அம்மாவுக்கு வந்த முதல் ஆர்டர் அது.

ஒரு வாரமாக ஓடு சேர்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஆம்லெட் போடும்போது கூட உச்சியில் மட்டும் சின்னதாகத் தட்டி ஊற்றி, ஓட்டை எங்களுக்கு எடுத்து வைத்தார்கள். 30 ஓடு தேறியது.

ஏப்ரல் 19, சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு 12 ஓடு மணலில் வைத்தோம். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், மாவு மேலே எழும்பவே இல்லை. ஒன்றை உரித்துப் பார்த்தோம். உள்ளே களி மாதிரி இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த 200 ரூபாயைத் திருப்பித் தர கையில் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏன் எழும்பவில்லை?

எனக்கு அறிவியல் பாடம் ஞாபகம் வந்தது. சமையல் சோடாவோடு அமிலம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு வரும். அந்த வாயுதான் மாவை ஊதி எழுப்புகிறது. பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலப் பொடியும் சேர்ந்தே இருக்கும். ஈரம் பட்டால் டப்பாவுக்குள்ளேயே இரண்டும் வினை புரிந்து தீர்ந்துவிடும்.

எங்க பேக்கிங் பவுடர் கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. மூடி சரியாக மூடவில்லை. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். பொங்கவே இல்லை. இரண்டு மூன்று குமிழி வந்து அடங்கிவிட்டது. "அம்மா, உன் மேல தப்பு இல்லம்மா, பவுடர் செத்துப் போச்சு" என்றேன்.

நீங்களும் செய்வதற்கு முன் இந்தச் சோதனை செய்யுங்க. பேக்கிங் பவுடருக்கு வெந்நீர். சமையல் சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு. புஸ் என்று பொங்கினால் நல்லது. பொங்கவில்லை என்றால் மாவில் போடாதீங்க.

பவுடர் இல்லாமல் கேக்

கடை மூடிவிட்டது. அப்போது ஆயாதான் சொன்னது: "எங்க காலத்துல பவுடர் ஏது? முட்டை வெள்ளையை அடிச்சுத்தான் செய்வாங்க."

வெள்ளைக் கருவை அடித்தால் காற்று உள்ளே போகும். அதில் உள்ள புரதம் அந்தக் காற்றைச் சின்னச் சின்னக் குமிழியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு பட்டதும் காற்று விரியும், கேக் எழும்பும். வாயுவுக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

தேவையானவை: முட்டை 4, பொடித்த சர்க்கரை 120 கிராம், சலித்த மைதா 120 கிராம், எண்ணெய் 2 ஸ்பூன், ஏலக்காய் 2.

செய்முறை:

1. ஓட்டின் உச்சியில் பத்து பைசா அளவு ஓட்டை போட்டு முட்டையை ஊற்றிக்கொள்ளவும். ஓட்டை உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, 10 நிமிடம் கொதிக்க வைத்து, கவிழ்த்துக் காய வைக்கவும். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம், இதை விட்டுவிடாதீங்க. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தடவவும்.

2. வெள்ளைக் கருவையும் மஞ்சள் கருவையும் பிரிக்கவும். வெள்ளையில் துளி மஞ்சளோ எண்ணெயோ சேர்ந்தால் நுரை நிற்காது. பாத்திரத்தையும் மத்தையும் வெந்நீரில் கழுவித் துடைக்கவும்.

3. மத்தால் வெள்ளையைக் கடையவும். பாத்திரத்தைச் சாய்த்தாலும் நுரை வழியாமல் நிற்க வேண்டும். எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. நானும் அம்மாவும் கை மாற்றி மாற்றிக் கடைந்தோம்.

4. மஞ்சள் கரு, சர்க்கரை, எண்ணெய், ஏலக்காய்ப் பொடியைத் தனியாக அடிக்கவும். அதில் நுரையையும் மைதாவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அடிக்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டவும். அடித்தால் காற்று போய்விடும்.

5. சுத்தமான பால் கவரின் முனையை வெட்டி, அதில் மாவை நிரப்பி ஓட்டுக்குள் பிழியவும். முக்கால்வாசிக்கு மேல் வேண்டாம். உடனே சூடான மணலில் வைக்கவும். காத்திருந்தால் நுரை அடங்கிவிடும்.

6. சின்ன தீயில் 25 நிமிடம். 20 நிமிடம் வரை மூடியைத் திறக்கக் கூடாது. புது ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாவிட்டால் இறக்கவும். குண்டான் ரொம்ப சூடாக இருக்கும், பெரியவங்க இறக்கட்டும்.

ஓட்டுக்குச் சாயம் வேண்டுமானால், கொதிக்க வைக்கும் தண்ணீரில் வெங்காயச் சருகு போட்டால் செம்மண் நிறம், மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட் போட்டால் ரோஸ். சேமியாவை வறுத்து வெல்லப் பாகில் புரட்டிக் கிண்ணம் மாதிரி அழுத்தினால் குருவிக்கூடு ரெடி. அதில் முட்டையை வைத்துக் கொடுக்கலாம்.

பிறகு என்ன ஆச்சு?

மீதி 18 ஓடு, புதிதாக உடைத்த முட்டையில் 4, ஆக 22. அவசரத்தில் என் கையில் 2 உடைந்துவிட்டன. நுரை அடங்கிவிடக் கூடாதென்று குண்டான், குக்கர் இரண்டையும் இரண்டு அடுப்பிலும் வைத்தோம். ராத்திரி பதினொன்றரைக்கு 20 கேக் தேறியது. பேக்கிங் பவுடர் போட்டது அளவுக்கு எழும்பவில்லை, ஆனால் பஞ்சு மாதிரி இருந்தது.

நான்கு குறைந்தது. "எப்படியாவது சமாளிக்கலாம்மா" என்றேன். அம்மா கேட்கவில்லை. விடியற்காலை ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, நாலு கேக்குக்கு 60 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா மீதி 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு முப்பது வேணும், பவுடர் புதுசா வாங்கிக்கோங்க" என்று சிரித்தார்கள். பிள்ளைகள் அவித்த முட்டை என்று நினைத்து உரித்து, உள்ளே கேக்கைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கேக் கிடைக்காத நாலு பேருக்கு அக்காவே மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எழும்பாத 11 கேக்? அதை வீணாக்கவில்லை. தோசைக்கல்லில் மொறுமொறு என்று சுட்டு, ஆயா 40 நாள் கழித்து முதல் முட்டைப் பலகாரமாக டீயில் தொட்டுச் சாப்பிட்டது. "இதுவும் நல்லாத்தான்டி இருக்கு" என்றது.

இப்போது அம்மா வேறு கம்பெனிக்குப் போகிறார்கள். ஆனாலும் ஞாயிறு ஞாயிறு ஆர்டர் எடுக்கிறார்கள். எங்க வீட்டுப் பேக்கிங் பவுடர் டப்பா மேல் வாங்கிய தேதியை நான்தான் எழுதி ஒட்டுகிறேன்.

நீங்களும் வீட்டில் பெரியவர்கள் துணையோடு செய்து பாருங்க. சரியாக வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யோசிங்க. எங்களுக்கு விடை பாடப் புத்தகத்திலேயே இருந்தது!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி