பென் டிரைவோடு வரும் திருவிழா

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, ஹோலி. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் நெதர்லாந்து டிஜே மார்ட்டின் கேரிக்ஸ் மேடையேறினார். பாடகர் அரிஜித் சிங்கும் வந்து சேர்ந்துகொண்டார். நடத்தியது ‘சன்பர்ன்’ என்ற இசைவிழா அமைப்பு. ரீல்ஸில் இதைப் பார்க்கும் திருவண்ணாமலைக் கல்லூரி மாணவர், “இதெல்லாம் ஏன் நம்ம பக்கம் வர்றதே இல்ல?” என்று கேட்பார். எட்டிப் பார்க்கும் அவருடைய அப்பாவின் கேள்வி வேறு: “பாட்டும் பாடல, வாத்தியமும் வாசிக்கல. அந்த ஆள் அங்க நின்னு என்னதான் பண்றாரு?”

அப்பாவின் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பிள்ளையின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். டிஜே மேஜையில் வழக்கமாக நான்கு பிளேயர்கள், நடுவில் ஒரு மிக்சர். பெரிய மேடைகளில் பெரும்பாலும் பயனியர் நிறுவனத்தின் ‘சிடிஜே’ வகைதான் இருக்கும். பெயரில் சிடி இருக்கிறதே தவிர, இன்று அதில் செருகுவது பென் டிரைவ். ஒரு பாட்டு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை டிஜே ஹெட்போனில் கேட்கிறார். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறார். பழையதின் பேஸை இறக்கிக்கொண்டே புதியதின் பேஸை ஏற்றுகிறார். மாற்றம் நடந்தது ஆடுகிறவரின் காலுக்குத் தெரியக் கூடாது. ‘ஹவுஸ்’ வகையில் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி. ‘சைட்ரான்ஸ்’ 140ஐ ஒட்டிப் போகும். ‘டிரம் அண்ட் பேஸ்’ 170ஐத் தாண்டும்.

கூட்டத்தைக் கட்டிப்போடுவது இந்த வேகம் மட்டுமில்லை. ‘பில்ட்-அப்’ என்று ஒன்று வரும். பேஸ் திடீரென்று வெட்டப்படும், முரசடி இரட்டிக்கும், ஒலி மேலே மேலே ஏறும், ஒரு கணம் எல்லாம் நிற்கும். பிறகு மொத்த எடையும் ஒரே அடியாக இறங்கும். அதுதான் ‘டிராப்’. கார்த்திகை தீபத்தன்று மாலை அண்ணாமலையார் கோயிலுக்குள் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பஞ்சமூர்த்திகள் எழுந்தருளிய பின், ஆண்டுக்கொரு முறை அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருவார். சில நிமிடங்கள்தான். அவர் காட்சி தரும்போது சரியாக ஆறு மணிக்குக் கொடிமரத்தருகே அகண்ட தீபம், அதைத் தொட்டாற்போல் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம். அந்த நொடியில் எழும் ‘அரோகரா’வுக்காகத்தான் மதியத்திலிருந்து அத்தனை பேரும் நெரிசலில் நிற்கிறார்கள். காத்திருக்க வைத்துப் பிறகு கொடுப்பது எல்லாத் திருவிழாக்களுக்கும் பொதுவான வித்தை. மின்னணு இசைக்காரர்கள் அதை ஓர் இரவுக்குள் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள், அவ்வளவே.

அப்பாவின் சந்தேகத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய மேடைகளில் விளக்கு, திரைக்காட்சி, புகை, நெருப்பு எல்லாம் பாட்டோடு நொடி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதற்காகப் பலர் பாட்டு வரிசையை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறார்கள். கனடா டிஜே டெட்மவுஸ் 2012இல் இதைத் தானே போட்டு உடைத்தார்: கடைசியில் நாங்கள் எல்லோரும் பொத்தானை அமுக்குகிறவர்கள்தான் என்று எழுதினார். சக டிஜேக்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கென்னவோ, உள்ளூர் கல்யாண ரிசப்ஷனில் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாட்டை மாற்றும் டிஜே, கோடிகளில் வாங்குகிறவரைவிட அதிகம் வேலை செய்கிறார் என்றே தோன்றுகிறது.

சுற்றுப்பயணக் கணக்கின் அச்சாணி அந்தப் பென் டிரைவ்தான். கோல்ட்பிளே போன்ற இசைக்குழு ஊர்விட்டு ஊர் போக லாரி லாரியாகச் சாமான் போக வேண்டும். 2025 ஜனவரியில் அவர்கள் இந்தியாவில் இறங்கியது மும்பை, அகமதாபாத் என்று இரண்டே ஊர். அகமதாபாத் நாட்கள் 25, 26, அதாவது குடியரசு தின வார இறுதி. டிஜேவுக்கோ இரண்டு பென் டிரைவும் ஒரு ஹெட்போனும் போதும். பென் டிரைவில் ஒன்று, மற்றது மக்கர் செய்தால் எடுக்க. மேஜை, ஸ்பீக்கர், எல்இடி சுவர், ட்ரஸ், ஜெனரேட்டர் எல்லாம் அந்தந்த ஊர் வாடகை. எந்த மாடல் பிளேயர், எத்தனை ஸ்பீக்கர் என்ற பட்டியல் ஒப்பந்தத்தோடு முன்பே வந்துவிடும். அதைத் தொழிலில் ‘ரைடர்’ என்பார்கள். வெள்ளி ஒரு நகரம், சனி ஒரு நகரம், ஞாயிறு ஒரு நகரம் என்று ஒரே ஆளை மூன்று இடத்தில் ஏற்ற முடிவது இதனால்தான். 2024 செப்டம்பர், அக்டோபரில் நார்வேயின் ஆலன் வாக்கர் இப்படித்தான் இந்தியாவில் பத்து நகரங்களைச் சுற்றினார். சென்னையும் அதில் இருந்தது, ஷில்லாங்கும் இருந்தது.

அப்படியானால் விற்பனைக்கு வருவது டிஜேவா? முழுக்க இல்லை. விற்பது விடுமுறை. சன்பர்ன் 2007 டிசம்பர் கடைசியில் கோவாவின் கண்டோலிம் கடற்கரையில் தொடங்கியது. பெர்செப்ட் நிறுவனம் நடத்த, தொலைக்காட்சித் தொகுப்பாளரும் டிஜேவுமான நிகில் சினப்பா முகமாக இருந்தார். கோவா, டிசம்பர் கடைசி வாரம் என்று எப்படியும் கிளம்பத் தயாராக இருக்கும் கூட்டத்துக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகு 2016இல் புனே, மறுபடி கோவா, 2024இல் கோவாவிலேயே கடற்கரையை விட்டு உள்ளே தார்கல், 2025இல் மும்பை என்று இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தார்கலில் ஊர்க்காரர்கள் சிலர் எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். இடம் மாறலாம், டிஜே மாறலாம், டிசம்பர் மட்டும் மாறுவதில்லை. ஹோலி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நீண்ட வார இறுதி என்று நாட்காட்டியின் சிவப்பு எழுத்தைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்கள்.

இந்த இசையின் இந்தியப் பூர்வீகம் சிவப்பு எழுத்தில் இல்லை, நிலாவில் இருக்கிறது. 1970களில் அஞ்சுனா கடற்கரையில் மேற்கத்தியப் பயணிகள் பௌர்ணமி இரவுகளில் விடிய விடிய ஆடினார்கள். கோவா டிரான்ஸ் என்ற வகை அங்கிருந்து கிளம்பியது. அதன் தலைமகனாகச் சொல்லப்படும் ‘கோவா கில்’ அமெரிக்காவிலிருந்து வந்து, சாதுவாகத் தீட்சை வாங்கியவர். ஒரே மூச்சில் இரவு பகலாக இசை ஓட்டியவர், 2023இல் காலமானார். ஏறக்குறைய அதே காலத்தில் அதே வகைப் பயணிகளில் இன்னொரு பகுதி ரமணாசிரமத்தைத் தேடி இங்கே திருவண்ணாமலைக்கு வந்துகொண்டிருந்தது. இன்றும் கோவாவின் சீசனும் ரமண நகரின் வெளிநாட்டுச் சீசனும் ஒன்றுதான், நவம்பரிலிருந்து பிப்ரவரி. பௌர்ணமிக்கு அங்கே ஆட்டம், இங்கே 14 கிலோமீட்டர் கிரிவலம். கோவாவின் நிலா பிறகு டிக்கெட் போட்ட வார இறுதியாக மாறிவிட்டது. இங்கே இன்னும் பஞ்சாங்கம்தான், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் திதி பிறந்தாலும் கூட்டம் வரும்.

இனி மாணவரின் கேள்வி. விமான நிலையம் இல்லை, ஐந்து நட்சத்திர விடுதி இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பதில். அதைவிடப் பெரிய தடை கடிகாரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பே 55 டெசிபல்தான். விழா மேடையில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையின் (‘லைன் அரே’) முன்னால் நின்றால் நூறைச் சாதாரணமாகத் தாண்டும். கோவாவின் பாலோலெம் கடற்கரையில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பத்து மணிக்கு மேல் ஆளுக்கொரு ஹெட்போன். தூரத்திலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பத்து மணி விதி டிஜேவுக்கு மட்டுமானதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்தின் மண். செய்யாறு பக்கத்துப் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையால் பெயர் பெற்ற ஊர். கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு மேல்தான், முடிவது விடியலில். பாரதக் கூத்துக் காலத்தில் குழுக்கள் மேக்கப் பெட்டியும் மத்தளமும் ஆர்மோனியமுமாக வேன் ஏறி ஊர் ஊராகப் போகின்றன. விடிய விடிய நடக்கிற, ஊர் சுற்றுகிற திருவிழா இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. அதன் ஒலிபெருக்கிக்கும் அதே சட்டம்தான். நடைமுறையில் காவல் நிலையம் கூத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், ‘ஆடல் பாடல்’ என்றால் கடிகாரத்தைப் பார்ப்பதும் வேறு சங்கதி.

அடுத்தது மது. இத்தகைய விழாக்களின் வரவில் டிக்கெட்டுக்கு அடுத்து மதுக்கூடமும் மது நிறுவன விளம்பரமும் பெரிய பங்கு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் திருமண மண்டபம், விளையாட்டு மைதானங்களில் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாறலாம் என்று அரசு விதி திருத்தியது. எதிர்ப்புக் கிளம்பியதும் திருமண மண்டபத்தை எடுத்துவிட்டது. சென்னையிலேயே இவ்வளவு தயக்கம் என்றால், கிரிவலப் பாதை ஊரில் யார் விண்ணப்பம் எழுதுவார்? புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அங்கே மதுச் சட்டமே வேறு. புத்தாண்டு இரவுக்கு இங்கிருந்து கிளம்பும் பைக்குகள் அந்தத் திசையில் போவதற்கு இசை மட்டும் காரணமில்லை.

மூன்றாவது, கூட்டம். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். ரஹ்மானே முன்வந்து குறைதீர்க்க வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர் இறந்த பிறகு, பெருங்கூட்டத்துக்கு அனுமதி என்றாலே அதிகாரிகளின் பேனா தயங்குகிறது.

கூட்டம் நடத்துவதில் மட்டும் பார்த்தால் திருவண்ணாமலை எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் பாடம் எடுக்கலாம். தீபத்துக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள், சாலைக்குச் சாலை ஒருவழி, சிறப்பு ரயில்கள். 2024க்கு முன்பு வரை மலையேற அனுமதிச் சீட்டும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு உருண்டு வ.உ.சி. நகரில் ஏழு பேரைக் கொன்றது. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீபத்தன்று பக்தர்கள் மலையேறுவதையே நிறுத்தினார்கள். விளம்பரதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களால் அப்படி ஒரு முடிவை அவ்வளவு எளிதாக எடுத்திருக்க முடியாது. இந்த ஊரின் சாலைகளும் கழிப்பறைகளும் தங்கும் விடுதிகளும் மாதாமாதம் பௌர்ணமிக்கே திணறுகின்றன. அதன் மேல் ஒரு சன்பர்னை ஏற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆசை இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே வழியுண்டு. வேலூர் விஐடியின் ரிவியரா, சென்னை ஐஐடியின் சாரங் போன்ற கல்லூரி விழாக்களில் டிஜே இரவுகள் நடக்கின்றன. பெரிய பெயர்களைப் பார்க்கச் சென்னையோ பெங்களூரோ போக வேண்டும், இரண்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். டிக்கெட் வாங்கும்போது விலையோடு வரியும் முன்பதிவுக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதைப் படியுங்கள். எத்தனை வயதுக்கு மேல் அனுமதி என்பதையும்தான்.

முக்கியமாக, திரும்பும் வழி. சென்னை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். பத்து மணிக்கு முடிந்து, பார்க்கிங்கைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகக் கிளாம்பாக்கம் போய்த்தான் திருவண்ணாமலை பஸ் பிடிக்க வேண்டும். 2024 மே முதல் சென்னை கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு நேரடி ரயில் ஓடுகிறது. ஆனால் அது கிளம்புவது மாலை ஆறு மணிக்கு. அந்நேரம் முக்கிய டிஜே ஹோட்டலிலிருந்தே கிளம்பியிருக்க மாட்டார்.